சோறு வந்த வழி – 17: பத்து மணி நேரப் பொட்டலம்

சென்ற வாரம் தோ பாயோவில் நிறுத்தியிருந்தேன். 1973 ஜூலை 22. என்டியுசி வெல்கம் என்ற கூட்டுறவுப் பேரங்காடியைப் பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்த நாள். விலைவாசி தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்த ஆண்டு அது. வணிகர்கள் சொன்னதே அரிசி விலை என்றிருந்த நிலைமைக்கு எதிரே, தொழிற்சங்கம் தானே ஒரு கடையை வைத்தது. 1983இல் அது இன்னொரு கூட்டுறவோடு இணைந்து ஃபேர்பிரைஸ் ஆயிற்று.

அதற்கு முந்தைய பகுதியில் 1946ஐப் பார்த்தோம். போர் முடிந்து அரிசிக்குப் பங்கீடு இருந்த காலம். புதிதாகத் தொடங்கிய சமூகநலத் துறை 35 காசுக்குப் பகல் சாப்பாடு போட்ட மக்கள் உணவகங்களின் கதை.

இரண்டு கதைகளிலும் சாப்பிட உட்கார்ந்தவர் இந்த ஊர்க்காரர். அவர் குரல் கொடுத்தால் கேட்கச் சங்கமோ, துறையோ, வட்டாரத்துப் பெரிய மனிதரோ யாராவது இருந்தார்கள்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவருக்கு அந்த வசதி இல்லை. இரண்டு ஆண்டு வேலை அனுமதியில் வந்தவர். அவர் சாப்பாட்டைப் பார்க்க நாம் தீவின் மேற்குக் கோடிக்குப் போக வேண்டும்.

* * *

மேற்குக் கோடி

துவாஸ் ஒரு காலத்தில் மீனவர் கிராமம். 1970களில் தொழிற்பேட்டை ஜூரோங்கிலிருந்து மேற்கே நகர்ந்தது. கடலைத் தூர்த்தார்கள், தொழிற்சாலைகள் எழுந்தன, கப்பல் பட்டறைகள் வந்தன. 1998இல் மலேசியாவுக்கு இரண்டாவது பாலம் இங்கிருந்துதான் திறந்தது. எம்ஆர்டி ரயில் துவாஸ் லிங்க் வரை வந்தது 2017 ஜூனில்தான். அதுவரை ஜூ கூனில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

சாலைவழியே லிட்டில் இந்தியாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். சிங்கப்பூரில் அது வெளியூர்ப் பயணம் மாதிரி.

துவாஸில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் குடியிருப்பு கிடையாது. குடும்பங்கள் இல்லாததால் ஈரச்சந்தையும் இல்லை. தோ பாயோவிலும் தேக்காவிலும் வீட்டை விட்டு இறங்கினால் கிடைக்கிற மலிவுச் சாப்பாடு, அதாவது சிங்கப்பூர் பெருமைப்பட்டுக்கொள்ளும் அந்த உணவங்காடி ஏற்பாடு, இந்தக் கோடிக்கு வந்து சேரவில்லை. தொழிற்பேட்டைக் கேன்டீன்கள் உண்டு. ஆனால் ஒரு வேளைக்கு நான்கைந்து வெள்ளி கொடுக்க வேண்டும். நாளுக்கு 18, 20 வெள்ளி அடிப்படைக் கூலி வாங்குகிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

இங்கே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு ஊர்க்காரர்கள்: தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். 2014இல் திறந்த துவாஸ் வியூ விடுதியில் மட்டும் 16,800 படுக்கைகள். தமிழ்நாட்டில் ஒரு பேரூராட்சியின் மக்கள்தொகை அது. அந்தப் பேரூராட்சியில் ஒருவர்கூட வீட்டில் சமைத்த சோறு சாப்பிடுவதில்லை.

அப்படியானால் சோறு எங்கிருந்து வந்தது?

* * *

இரவு பதினோரு மணி

ஊர் தூங்கப்போகும் நேரத்தில் கேட்டரிங் சமையற்கூடம் விழிக்கும்.

தீவின் ஏதாவது ஒரு தொழிற்பேட்டையில், கார் பட்டறைக்கும் கிடங்குக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கூடம். அங்கே அண்டா அண்டாவாகச் சோறு வேகும். பருப்பு, ஒரு காய், கோழியோ மீனோ ஒரு துண்டு. நள்ளிரவு தாண்டியதும் பொட்டலம் போடத் தொடங்குவார்கள். சோறு ஒரு பிளாஸ்டிக் பையில், குழம்பு இன்னொரு சின்னப் பையில். குழம்புப் பையின் வாயைத் திருகி ரப்பர் பேண்டு சுற்றுவதற்குத் தனிக் கைப்பழக்கம் வேண்டும். காற்று நின்றால் உப்பிக்கொள்ளும், இறுக்கம் குறைந்தால் லாரியில் ஒழுகும். பை மேல் மார்க்கர் பேனாவால் நிறுவனத்தின் பெயரெழுத்தோ அறை எண்ணோ இருக்கும்.

காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே லாரியில் ஏறும்.

விடியுமுன் நான்கு, ஐந்து மணிக்கு விடுதி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சில இடங்களில் அடுக்குச் சட்டம் இருக்கும், சில இடங்களில் வெறும் தரைதான். ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பும் கூட்டம் தத்தம் பொட்டலத்தைத் தேடி எடுத்துக்கொண்டு, சரக்கு லாரியின் பின்பக்கம் ஏறி உட்காரும். வேலைத்தளத்தில் பொட்டலம் வேலிக் கம்பியிலோ சாரக்கட்டிலோ தொங்கும்.

மதியம் பன்னிரண்டுக்குப் பிரிப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கிய சோறு. பத்து மணி நேரம்.

இந்த நாட்டு வெயிலில், பிளாஸ்டிக் பைக்குள் கட்டிவைத்த சூட்டில், பத்து மணி நேரம்.

அறிவியல் இங்கே ரொம்பச் சுருக்கம். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் இருந்தால் கிருமி பெருகும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி உண்டு. அதன் வித்து கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. சோறு ஆறும்போது முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சிங்கப்பூர் அதிகாரிகள் சொல்கிறார்கள். கேட்டரிங் உணவின் மேல் நேரத்தைக் குறிக்கும் ஒட்டுச்சீட்டு வேண்டும் என்ற விதியும் 2012இல் வந்துவிட்டது.

விதி இருந்தது. பொட்டலம் கிளம்பும் நேரமும் பிரிக்கும் நேரமும் அந்த விதிக்குள் அடங்கவில்லை.

* * *

யார் குற்றம்?

சமையற்கூடத்துக்காரர் கெட்டவர், முதலாளி கொடியவர் என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லாரும் நல்லவர்களாகவே இருந்தாலும் இந்தச் சோறு இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கும். கணக்கு அப்படி.

மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரு தொழிலாளிக்கு மாதம் நூற்றுச் சொச்சம் வெள்ளி. பெரும்பாலும் அவர் சம்பளத்திலிருந்து போகும் காசு. அந்தப் பணத்தில் சமையற்கூடத்துக்காரர் மதியத்துக்கென்று இன்னொரு தடவை லாரி அனுப்பினால் அவருக்கு மிச்சம் நிற்காது. அனுப்பினாலும் எங்கே அனுப்புவது? விடுதி நிலையாக நிற்கிறது. வேலைத்தளம் நிற்பதில்லை. இன்று பயனியர் ரோடு, நாளை செங்காங், அடுத்த நாள் சாங்கி. ஒரே அறையில் படுத்திருக்கும் பன்னிரண்டு பேர் காலையில் நான்கு திசைக்குப் போவார்கள்.

வேலைத்தளத்தில் சாப்பாட்டுக்கென்று இடமோ, சூடுபண்ண வசதியோ வைப்பது ஒப்பந்ததாரருக்குச் செலவு. சட்டம் அதைக் கறாராகக் கேட்கவில்லை. மலிவாக வாங்குவதைத் தவிரத் தொழிலாளிக்கு வழியில்லை. பிடிக்கவில்லை என்றால் வேறு கேட்டரிங் மாற்றலாமே என்பீர்கள். பல இடங்களில் நிறுவனமே மொத்தமாகப் பேசி முடித்திருக்கும். இல்லாவிட்டாலும் அடுத்த ஆளின் லாரியும் அதே நான்கு மணிக்குத்தான் வரும்.

1973இல் சிக்கல் விலையாக இருந்தது. துவாஸில் அது நேரம். விலையைக் கடை வைத்துக் குறைக்கலாம். நேரத்தை எந்தக் கடையில் வாங்குவது?

நேரத்தை வென்ற ஊர் ஒன்று உண்டு. மும்பையில் டப்பாவாலாக்கள் 1890களிலிருந்து இதைச் செய்து வருகிறார்கள். வீட்டில் காலையில் சமைத்ததைப் பத்து மணிவாக்கில் எடுத்து, ரயிலில் ஏற்றி, பன்னிரண்டரைக்குள் அலுவலக மேசையில் வைத்துவிடுவார்கள். தூரம் துவாஸ் தூரத்துக்குக் குறைந்ததல்ல. அந்தத் தொழில் அதைச் செய்பவர்களின் கையிலேயே இருக்கிறது, சம்பாத்தியத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால் டப்பா போகும் முகவரி மாறாது. கிளம்பும் முனையில் சமைத்துக்கொடுக்க ஒரு வீடும் இருக்கிறது. துவாஸில் இரண்டும் இல்லை.

அடுப்பைச் சாப்பிடுகிறவரின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால்? 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகம் வந்தது. மாநகராட்சி இடமும் பொருளும் தர, சுய உதவிக் குழுப் பெண்கள் சமைத்தார்கள். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். வார்டுக்கு வார்டு அடுப்பு. சிங்கப்பூரில் வேலைபார்த்த பலருக்குத் தங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே சுடச்சுடச் சோறு கிடைக்கிற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. அவர்கள் கையில் அப்போது இருந்தது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

* * *

ஞாயிற்றுக்கிழமை

தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் கண்டுபிடித்த பதில் ரூம் சமையல்.

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கூட்டு. ஞாயிறன்று தேக்காவிலும் முஸ்தஃபா கடையிலும் மொத்தமாகச் சாமான் வாங்கி வருவார்கள்: பொன்னி அரிசி, துவரம் பருப்பு, மிளகாய்த்தூள், வெங்காயம் மூட்டையாக. செலவைச் சிட்டையில் எழுதி மாதக் கடைசியில் பங்கு பிரிப்பார்கள். வேலை முடிந்து எட்டு, ஒன்பது மணிக்கு வந்து, விடுதியின் பொதுச் சமையற்கூடத்தில் அடுப்புக்கு வரிசை பிடித்து, பத்துமணிக்குச் சாப்பிடுவார்கள். மறுநாளைக்கான புளிச்சோற்றையும் அப்போதே கிளறிவைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. புளி போட்டால் கெடாது என்பது பாட்டி சொன்ன பாடம்.

ஒரு மணி நேரத் தூக்கத்தை விற்றுத்தான் அந்தச் சோற்றை அவர்கள் வாங்கினார்கள். எல்லாராலும் அது முடியவில்லை. மிகைநேர வேலை பார்த்தவர்கள் பொட்டலத்துக்கே திரும்பினார்கள்.

என் பார்வையில், துவாஸின் முதல் உணவுக் கூட்டுறவு இந்த ரூம் சமையல்தான். பதிவு எண் இல்லை, தலைவர் இல்லை, திறப்பு விழா இல்லை. அதனால் வரலாற்றில் இடமும் கிடைக்கவில்லை.

* * *

கஃப் ரோட்டில் ஒரு தட்டு

இரண்டாவது முயற்சி லிட்டில் இந்தியாவில் தொடங்கியது.

2008 மார்ச். வேலையில் அடிபட்டு இழப்பீட்டுக்குக் காத்திருந்தவர்கள், சம்பளப் பாக்கிக்காக முதலாளி மேல் புகார் கொடுத்தவர்கள், விடுதியை விட்டு வெளியேறியவர்கள் என்று ஒரு கூட்டம் சிராங்கூன் சாலைக்குப் பின்புறச் சந்துகளில் தங்கியிருந்தது. இவர்களுக்குச் சிறப்பு அனுமதி அட்டை தரப்படும். அதை வைத்துக்கொண்டு நாட்டில் இருக்கலாம், வேலை செய்யக்கூடாது. காசு இல்லை, வேலையும் இல்லை. பொட்டலம்கூட இல்லை.

டிடபிள்யூசி 2 என்ற தொண்டமைப்பு அப்போதுதான் கஃப் ரோடு திட்டத்தைத் தொடங்கியது. அது செய்த புத்திசாலித்தனமான காரியம், சொந்தமாகச் சமையற்கூடம் வைக்காததுதான். அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருந்த சாதாரண இந்தியச் சாப்பாட்டுக்கடையோடு பேசி முடித்தது. சமைப்பது கடைக்காரர், காசு கொடுப்பது நன்கொடையாளர், ஆள் கணக்கு எடுப்பது தொண்டூழியர். தொழிலாளி மற்ற வாடிக்கையாளரைப் போல நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் சோறு வாங்கிச் சாப்பிட்டார். வார நாள்களில் காலையும் இரவும். பின்னாளில் இடம் ரோவல் ரோட்டுக்கு மாறியது.

சாப்பாடு வாங்குமுன் பதிவு செய்ய வேண்டும். பெயர் என்ன, எந்த நிறுவனம், எங்கே அடிபட்டது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? ஒரு மேசை, ஒரு நோட்டு, எதிரே ஒரு தொண்டூழியர். பசிக்காக வந்த ஆளிடமிருந்து அவருடைய கதை மெல்ல வெளிவரும். சம்பளச் சீட்டு இல்லாத சம்பளம், முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன், விபத்து நடந்த இடத்தில் யாரும் எழுதிக்கொள்ளாத விவரம். அந்த மேசையில் சேர்ந்த தகவல்கள்தான் பிறகு அந்த அமைப்பு அமைச்சுக்கு எழுதிய கடிதங்களுக்கும் ஆய்வுகளுக்கும் அடிப்படை ஆயின.

அன்னதானம் லிட்டில் இந்தியாவுக்குப் புதிதில்லை. கோயில்களில் உண்டு, குருத்துவாராவில் லங்கர் உண்டு. அங்கே சாப்பிட்டு எழுந்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை, அது அந்தத் தர்மத்தின் அழகு. கஃப் ரோட்டில் கேள்வி கேட்டார்கள். அது வேறு விதமான வேலையைச் செய்தது.

ஆனால் இது வேலை இழந்தவர்களுக்கான தட்டு. துவாஸில் வேலையில் இருந்தவருடைய பொட்டலத்துக்கு வேலிக்கம்பிதான் தொடர்ந்து கதி.

* * *

2013, 2015

2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவில் நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு பேருந்தின் அடியில் புதுக்கோட்டை மாவட்டத்து இளைஞர் ஒருவர் சிக்கி இறந்தார், அதைத் தொடர்ந்து கலவரம். விசாரணைக் குழு 2014இல் அறிக்கை தந்தது. நம் கதைக்கு அதிலிருந்து ஒன்று போதும்: தொழிலாளர்கள் நகருக்குள் வந்து கூடாமல், தங்கும் இடத்திலேயே வசதிகள் செய்து தர வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் பலப்பட்டது. பெரிய விடுதிகள், அவற்றுக்குள் மளிகைக்கடை, விளையாட்டிடம், பொழுதுபோக்கு நிலையங்கள். ஆயிரம் படுக்கைக்கு மேற்பட்ட விடுதிகளுக்கு உரிமம் கேட்கும் சட்டம் 2015இல் நிறைவேறி, 2016இல் நடைமுறைக்கு வந்தது.

படுக்கைக்கு இவ்வளவு இடம், கழிப்பறைக்கு இவ்வளவு பேர் என்று எல்லாம் பேசப்பட்டது. சோறு சமைத்த நேரம் பேசப்படவில்லை.

அதைப் பேசவைத்தது ஓர் ஆய்வு. 2015இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோகன் தத்தாவின் குழு, கட்டுமானத் துறையில் வேலைபார்த்த 500 வங்காளதேசத் தொழிலாளர்களிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டது. நூற்றுக்கு 94 பேர் கேட்டரிங் சாப்பாடு சுத்தமில்லை என்றார்கள். 86 பேர் அதைச் சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனதாகச் சொன்னார்கள்.

நாளேடுகளில் செய்தி வந்தது. சமையற்கூடக்காரர்கள் சிலர் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள்: கொடுக்கிற காசுக்கு இதற்குமேல் என்ன செய்ய முடியும்? நியாயமான கேள்வி என்றுதான் சொல்வேன்.

இந்த ஆய்வில் தமிழர்கள் இல்லையே என்று யாராவது கேட்கலாம். தமிழரின் பொட்டலமும் அதே மாதிரி லாரியில், அதே நேரத்துக்குத்தான் வந்தது. பருப்பில் தாளிப்பு மட்டும் வேறு.

சின்னச் சின்ன முயற்சிகள் முளைத்தன. தீபா சுவாமிநாதன் 2015இல் தொடங்கிய ‘இட்ஸ் ரெய்னிங் ரெயின்கோட்ஸ்’ அமைப்பின் தொண்டூழியர்கள், ஸ்டார்பக்ஸ் கடைகளில் அன்றைக்கு விற்காமல் மிஞ்சியதை இரவில் வாங்கிக்கொண்டுபோய்த் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார்கள். நல்ல மனசு. ஆனாலும் சாண்ட்விச்சும் கேக்கும் சோற்றுக்கு ஈடாகாது. நான்கு மணி லாரி தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

* * *

ஏப்ரல் 5

2020 ஏப்ரல் 5, ஞாயிறு. கொவிட் தொற்று பரவிக்கொண்டிருந்த காலம்.

பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியும், தோ குவானில் உள்ள வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. ஒன்றில் சுமார் 13,000 பேர், மற்றதில் 6,800 பேர். பதினான்கு நாள் யாரும் வெளியே வரக்கூடாது. இரண்டு நாளில் நாடே நோய்ப்பரவல் முறியடிப்புக் கட்டுப்பாட்டுக் காலத்துக்குள் போனது. சில வாரங்களில் எல்லா விடுதிகளிலும் இதே நிலை.

எண்ணிக்கையைப் பாருங்கள். விடுதிகளில் இருந்தவர்கள் மொத்தம் 323,000 பேர். அதில் 43 பெரிய விடுதிகளில் சுமார் 200,000 பேர். தொழிற்சாலையின் ஒரு தளத்தையே படுக்கையறையாக மாற்றிய இடங்கள் சுமார் 1,200. அவற்றில் 95,000 பேர். துவாஸ் தொழிற்பேட்டையில் இப்படிப்பட்டவை நிறைய. மீதிப் பேர் கட்டுமானத் தளங்களின் தற்காலிகக் குடியிருப்புகளிலும் பிற இடங்களிலும்.

மூன்று வேளை என்று வைத்தால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்டப் பத்து லட்சம் சாப்பாடு.

பொதுச் சமையற்கூடங்களை மூடினார்கள். பத்துப் பேர் நெருக்கியடித்து நிற்கும் அடுப்படிதான் தொற்றுக்கு வசதியான இடம் என்பதால் அது தவிர்க்க முடியாதது. ஒரே உத்தரவில் ரூம் சமையல் முடிந்தது. ஆண்டுக்கணக்கில் தூக்கத்தை விற்று நடத்திய கூட்டுச் சமையல், சிட்டை, பங்கு எல்லாம் நின்றுபோயின. ஆறு நாள் பொட்டலத்தைச் சாப்பிட்டு ஏழாம் நாள் தேக்காவில் வாழையிலை போட்டு உட்காருகிறவருக்கு அதுவும் இல்லை.

முதல் சில நாள் குழப்பம். சாப்பாடு நேரம் தவறி வந்தது, ஆறிப்போய் வந்தது, வாய்க்கு ஒத்துவரவில்லை என்று படங்கள் கைப்பேசிகளில் பரவின. ‘தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ எஸ்11 விடுதியின் நிலைமையை விரிவாக எழுதியது. மூத்த தூதர் டாமி கோ, வெளிநாட்டு ஊழியர்களை நாடு நடத்தும் விதத்தைக் கடுமையாகக் கண்டித்துத் தம் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினார். மனிதவள அமைச்சர் ஜோசஃபின் டியோ குறைகள் இருப்பதை ஒப்புக்கொண்டார்.

பிறகு அரசாங்கம் அகப்பையைத் தன் கையில் எடுத்தது.

* * *

ராணுவமும் காவல்துறையும் மனிதவள அமைச்சும் சேர்ந்த குழுக்கள் விடுதிக்கு விடுதி இறங்கின. சாப்பாடு, சுத்தம், மருத்துவம் மூன்றும் அவர்கள் பொறுப்பு. இந்தியச் சமையல், வங்காளச் சமையல், சீனச் சமையல் என்று தனித்தனியாக ஒப்பந்தம் போட்டார்கள். அரிசியை எப்படி வடிப்பது, பருப்பில் எவ்வளவு காரம் என்பதெல்லாம் அரசாங்கக் கூட்டங்களில் பேசப்பட்ட வாரங்கள் அவை.

விமானங்கள் தரையில் நின்றன. விமானப் பயணிகளுக்கு உணவு செய்யும் சேட்ஸ் நிறுவனத்தின் பெரிய சமையற்கூடங்களில் வேலை குறைந்தது. அங்கிருந்தும் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு போனது. இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். காலையில் சமைத்ததை மாலையில், முப்பதாயிரம் அடி உயரத்தில், ஒருவருக்கும் வயிறு கெடாமல் பரிமாறுவது எப்படி என்பது விமானச் சமையற்கூடங்களுக்குத் தெரியும். சமைத்தவுடன் வேகமாகக் குளிரவைத்து, 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோய், அதே குளிரில் ஏற்றி, பரிமாறுமுன் சூடாக்குவார்கள். பல ஆண்டுகளாகச் சாங்கியில் தினமும் நடந்த காரியம். தீவின் கிழக்குக் கோடியில் பழகிப்போன தொழில்நுட்பம் மேற்குக் கோடிக்கு வர ஒரு தொற்று தேவைப்பட்டது.

தொழிற்சாலை விடுதிகளுக்கு உதவி சேருவது கடினமாக இருந்தது. சிறு சிறு இடங்கள், பெயர்ப்பலகைகூட இல்லாதவை. அங்கே தொண்டமைப்புகள் போயின. போதகர் சாமுவேல் கிஃப்ட் ஸ்டீபன் தலைமையில் இயங்கிய ஏஜிடபிள்யுஓ என்ற கூட்டணி இத்தகைய இடங்களுக்குச் சூடான சாப்பாடு அனுப்பியது. பல மொழி பேசும் தொண்டர்கள், பல சமயத்தவர், வாடிக்கையாளர் இல்லாமல் தவித்த சாப்பாட்டுக்கடைகள் என்று எல்லாரும் ஒரே பட்டியலில் வந்த காலம்.

புகார் போக ஒரு வழியும் திறந்தது. வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு விடுதிகளில் ஆயிரக்கணக்கான தூதர்கள் இருந்தார்கள். தொழிலாளர்களிலிருந்தே எடுக்கப்பட்டவர்கள். 2009இல் இந்த நிலையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? என்டியுசி. தோ பாயோவில் கடை வைத்த அதே தொழிற்சங்கக் காங்கிரஸ். குழம்பு புளித்துவிட்டது, காரம் இல்லை, மேல்மாடிக்கு வரும்போது ஆறிவிடுகிறது என்று அறையிலிருந்து வாட்ஸ்அப்பில் போன செய்தி, ஒப்பந்தம் போட்டவரின் காதில் விழுந்தது. பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல, அதைச் சாப்பிடுகிறவருக்கு ஒரு தொலைபேசி எண் கிடைத்தது.

ஏப்ரல் 24 வாக்கில் நோன்பு தொடங்கியது. விடியுமுன் சஹர் சாப்பாடு, மாலையில் நோன்பு திறக்கும் சாப்பாடு என்று நேரம் பார்த்து ஏற்பாடு செய்தார்கள். சூரியன் மறையும் நிமிடத்துக்குத் தொழிலாளியின் கையில் சாப்பாடு இருக்க வேண்டும். இருந்தது. நேரத்தைப் பிடிக்க முடியாது என்று சொல்லிவந்த ஏற்பாடு, நிமிடக் கணக்கைப் பிடித்துக் காட்டியது.

ஆள் வேலைக்குப் போகாததால் முகவரி மாறவில்லை. அதனால் லாரி மூன்று தடவை வந்தது. மதியச் சோறு மதியம் வந்தது. அவர்கள் அறைக்குள் அடைபட்டுக் கிடந்த அந்த மாதங்களில்தான், சமைத்த நேரமும் சாப்பிட்ட நேரமும் ஓரளவு பக்கத்தில் வந்தன.

அதை ஓர் ஆறுதலாகச் சொல்லவில்லை. தொற்று பல்லாயிரம் பேரைப் பிடித்திருந்தது, ஊரில் கடன், வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாத கவலை. சோறு சூடாக வந்தது என்று அவர்களில் யாரும் கொண்டாடியிருக்க மாட்டார்கள். ஆனால் முடியாது என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்ட ஒன்று, முடியும் என்று நாடு முழுக்கத் தெரிந்துபோனது. காரணம் காட்டி வந்தவர்களுக்கு இனி அந்தக் காரணம் அவ்வளவு எளிதாகச் செல்லாது.

* * *

கதவு திறந்தது

2020 ஆகஸ்ட்டில் விடுதிகள் தொற்றிலிருந்து மீண்டதாக அறிவிப்பு வந்தது. கட்டுமான வேலை படிப்படியாகத் தொடங்கியது. லாரிகள் மறுபடி ஐந்தரைக்குக் கிளம்பின.

அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நாடு மகிழ்ந்தது. பத்திரிகைகளில் தோசையும் சிக்கன் ரைஸும் பக்கம் பக்கமாக வந்தன.

துவாஸில் அப்போது இன்னொரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய துறைமுகக் கட்டுமானம். 2040களில் முழுதாக முடியும்போது ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளும், உலகிலேயே மிகப் பெரிய தானியங்கித் துறைமுகமாக இருக்கும் என்கிறார்கள். 2022 செப்டம்பர் 1 அன்று முதல் கட்டத்தை அதிகாரபூர்வமாகத் திறந்துவைத்தார்கள்.

இருபது ஆண்டுக்கு மேல் ஒரே இடத்தில் நடக்கும் வேலை. அங்கே போகும் ஆள்கள் மாறுவார்கள், அனுமதி முடிந்து ஊர் திரும்புவார்கள், புதியவர்கள் வருவார்கள். வேலைத்தளம் நகராது. முகவரி மாறுகிறது என்ற பழைய காரணம் இந்த இடத்தில் நிற்காது. குளிரூட்டிச் சோறு அனுப்பத் தெரிந்தவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். வட்டாரக் கடையோடு பேசி முடித்துத் தட்டில் சோறு போட்ட அனுபவம் ரோவல் ரோட்டில் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து சிட்டை போட்டுச் சமைக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வோர் அறையிலும் இருக்கிறார்கள்.

இவை மூன்றும் ஒன்றுசேர ஓர் அடுப்படி வேண்டும். அதற்கான செலவு ஒப்பந்ததாரர் கணக்கிலா, விடுதிக்காரர் கணக்கிலா, அரசாங்கத்தின் கணக்கிலா? அதை நடத்தும் குழுவில், அங்கே சாப்பிடப்போகிற ஆளுக்கு ஓர் இடம் உண்டா?

(தொடரும்)